முப்பத்தொரு கட்டைவிரல்

பேயாண்டி செத்து எட்டாம் நாள் காலையில், செல்லூரில் அவன் வீட்டுச் சந்து முக்கில், அவன் பெயரைப் போட்டு வேறொருவன் முகத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

முதலில் பார்த்தது மகள் தமிழ்வாணி. பால் வாங்கப் போனவள் வெறுங்கையோடு திரும்பி வந்து வாசலில் நின்றாள்.

"அம்மா, அப்பாவுக்கு ப்ளெக்ஸ் வச்சிருக்காங்க."

"யாரு?"

"அப்பாகூடப் படிச்சவங்களாம். ஆனா..."

"ஆனா என்னடி?"

"நீயே வந்து பாரும்மா. எனக்குச் சொல்லத் தெரியல."

சரண்யாதேவி எழுந்தாள். புருஷனைப் பறிகொடுத்தவள் பதினாறு கழியாமல் தெருவில் இறங்கக் கூடாது என்று சொல்வதற்கு மூன்று நாள்வரை வீடு நிறைய ஆள் இருந்தது. நான்காம் நாள் ஆளாளுக்கு வேலை வந்துவிட்டது. தடுக்க யாருமில்லாத வீட்டில் சாத்திரம் எத்தனை நாள் உட்கார்ந்திருக்கும்? முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மகளோடு நடந்தாள். ஆனி மாதத்துக் காற்று புழுதியையும் பஞ்சுத் தூசியையும் ஒன்றாகச் சுருட்டி முகத்தில் அடித்தது. இரண்டு பக்கமும் விசைத்தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. யார் செத்தால் தறிக்கென்ன.

ப்ளெக்ஸ் பத்தடி உயரம் இருக்கும். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. அதற்குக் கீழே, 'எங்கள் உயிரோடு கலந்த நண்பன் பேயாண்டி'. நடுவில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒரு பையன் முகம். பழைய பள்ளிக்கூடப் போட்டோவிலிருந்து வெட்டி ஊதிப் பெருக்கியதில் கண்ணும் மூக்கும் கலங்கிப் போயிருந்தன. அடியில் ஐந்து வரிசையாக முப்பத்தொரு பேர், இன்றைய முகங்களோடு. கைகூப்பியவர்கள் சிலர், கூலிங்கிளாஸ் போட்டவர்கள் சிலர், காதில் போனை வைத்து யாரோடோ பேசிக்கொண்டிருந்தவர்கள் சிலர். அவர்கள் மட்டும் பளிச்சென்று இருந்தார்கள். யாருக்குத் துக்கம் என்றே தெரியாதபடி அத்தனை பேர் முகத்திலும் ஒரு மலர்ச்சி.

பேயாண்டிக்கு மோவாயில் ஒரு பள்ளம் உண்டு. பிறவியிலேயே வந்தது. சுண்டுவிரல் நுனியை வைத்தால் பொருந்தும். அதே பள்ளம் தமிழ்வாணிக்கும் இருக்கிறது. ப்ளெக்ஸில் இருந்த பையனுக்கு மோவாய் மொழுமொழுவென்று உருண்டையாக இருந்தது.

"இது ஒங்கப்பா இல்ல" என்றாள் சரண்யாதேவி.

"அதான்மா."

எட்டு நாளாக அவளுக்கு அழுகை மட்டும்தான் வந்துகொண்டிருந்தது. இப்போது முதல்முறையாகக் கோபம் வந்தது. அழுகையைவிட அது எவ்வளவோ தேவலை என்றிருந்தது.

பேயாண்டி லோடுமேன். லாரியில் வரும் நூல் மூட்டைகளை இறக்கித் தோளில் வைத்து, லாரி நுழையாத சந்துகளுக்குள் கொண்டுபோய்த் தறிக்கூடங்களில் போடுகிறவன். செல்லூரில் அவன் தோள்படாத சரக்கு குறைவு. சரண்யாதேவி அப்படியொரு தறிக்கூடத்தில்தான் தார் சுற்றினாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் கட்டைகளில் நூல் ஏற்றுகிற வேலை. அவன் மூட்டையோடு உள்ளே வந்தால் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். காலடிச் சத்தத்திலேயே தெரியும். அன்றைக்கும் அந்தக் காலடிதான் கேட்டது. மூட்டையைப் போட்டான், சுவரில் சாய்ந்தான், "ஒரு வாய் தண்ணி குடு" என்றான். சொம்பை எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் சரிந்திருந்தான். நாற்பத்தெட்டு வயது.

ப்ளெக்ஸின் மூலையில் அச்சடித்த கடையின் பெயர் இருந்தது. இரண்டு சந்து தள்ளி, துளசிராம் கடை.

துளசிராம் மெசினில் வெள்ளை ரோலை மாட்டிக்கொண்டிருந்தான். உள்ளறையில் இருந்த மனைவியிடம் சௌராஷ்டிரத்தில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவன், இவளைப் பார்த்ததும் தமிழுக்கு வந்தான்.

"வா தங்கச்சி. சொல்லி அனுப்பிருந்தா நானே வந்திருப்பேன்ல. இந்த நேரத்துல வெளிய வரலாமா? பரவால்ல, உக்காரு. பாத்தியா? எப்பிடி வந்திருக்கு?"

நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான்.

"அது யாருண்ணே?"

"எது?"

"வட்டத்துக்குள்ள ஒருத்தன் இருக்கானே, அது யாரு?"

"என்ன தங்கச்சி இப்பிடிக் கேக்குற. நம்ம பேயாண்டி. பத்தாங்கிளாஸ் போட்டோ."

"எம் புருசன எனக்குத் தெரியாதாண்ணே? மோவாயப் பாருங்க. இந்தா நிக்கிறாளே எம் மக, இவ மோவாயப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க, அது யாரு?"

துளசிராம் தமிழ்வாணியைப் பார்த்தான். பிறகு போனில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துப் பார்த்தான். மறுபடி தமிழ்வாணியைப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"குரூப்புல எல்லாரும் இதுதான்னு சொன்னாய்ங்களே..."

"எந்தக் குரூப்பு? குடுங்க. பாப்பா, வாங்கிப் படி."

தமிழ்வாணி போனை வாங்கினாள். '92 செட்டு மலரும் நினைவுகள்' என்று வாட்ஸப் குரூப். அட்மின் ரவிசங்கர். தல்லாகுளத்தில் ஏதோ ஆபீஸில் பெரிய வேலை. பேயாண்டி செத்த மறுநாள் அவன்தான் பத்தாம் வகுப்பு போட்டோவைப் போட்டிருந்தான். பெஞ்சுகளை அடுக்கி நாலு வரிசையாக நிற்கிற பையன்களும் பெண்பிள்ளைகளும், எல்லாரும் சிரித்தபடி.

"படிடி."

"'ஆழ்ந்த இரங்கல். இதில் நம்ம பேயாண்டி யார்? கண்டுபிடிங்க பார்ப்போம்.' அதுக்குக் கீழ ஒருத்தர், 'முதல் வரிசை குண்டனா?'ன்னு போட்டிருக்காரு. 'டேய் அது நான்டா'ன்னு ஒருத்தர். சிரிக்கிற பொம்மை போட்டிருக்காங்க. ஒம்போது பேரு."

"ம். படி."

"'மூணாவது வரிசை, இடது பக்கம் இருந்து நாலாவது. கருப்பா ஒசரமா நிக்கிறான் பாரு.' 'யெஸ், அவனேதான்.' 'அந்தக் கருப்பு மறக்குமா.'" தமிழ்வாணி திரையை விரலால் மேலே தள்ளினாள். "அப்புறம் அட்மின், 'இவன்தான்னா எல்லாரும் கட்டைவிரல் போடுங்க, பைனல் பண்ணிரலாம்.' அம்புட்டுத்தாம்மா. முப்பத்தோரு கட்டைவிரல்."

எம்மெல்லே தேர்தலுக்குக்கூட பூத்துக்குப் போய் விரலில் மை வைக்க வேண்டும். செத்தவன் முகத்தை இவர்கள் இருந்த இடத்தில் இருந்தே ஓட்டுப் போட்டு முடிவு செய்திருக்கிறார்கள்.

"நீங்க என்ன போட்டீங்கண்ணே?"

துளசிராம் மெசின் பக்கம் திரும்பினான்.

"ஒங்களத்தான் கேக்குறேன். வாராவாரம் ஒங்க கடைக்கு ப்ளெக்ஸ் ரோலு எறக்குனது யாரு?"

"அவந்தான்."

"எத்தன வருசமா?"

"கட ஆரம்பிச்சதுலருந்து. பன்னெண்டு வருசம்."

"பன்னெண்டு வருசமா வந்து போன ஆளு மூஞ்சி தெரியாது?"

"நான் சொல்றதக் கொஞ்சம் கேளு தங்கச்சி. ரோலு தோள்ல இருக்கும். மூஞ்சி அங்கிட்டு மறைஞ்சிருக்கும். சொவத்து ஓரமா சாத்திட்டு, 'வாரேன் துளசி'ன்னுட்டுப் போயிருவான். நான் மெசினப் பாத்துக்கிட்டே 'சரிடா மாப்ள'ம்பேன். இம்புட்டுத்தான். நெனச்சுப் பாத்தா எனக்கே கேவலமாத்தான் இருக்கு."

"ரெண்டு சந்து தள்ளி எங்க வீடு. வந்து, 'ஒரு போட்டோ குடும்மா'ன்னு கேட்டா வாய் வெந்தா போயிரும்? கண்டுபிடிங்க பாப்போம்னு போட்டி வைக்கிறீங்க! எழவு வீட்டுல என்னண்ணே போட்டி?"

"பள்ளிக்கூடத்து மூஞ்சிதான் வேணும்னு ரவிசங்கர் சொல்லிட்டான். ஒனக்கும் சஸ்பென்சா இருக்கட்டும்னு..."

"சஸ்பென்சா?"

அவள் போட்ட சத்தத்தில் உள்ளறையிலிருந்து துளசிராமின் மனைவி எட்டிப் பார்த்தாள். அந்த நேரத்தில்தான் கடை வாசலில் ஒரு டிவிஎஸ் ஐம்பது வந்து நின்றது. சிமெண்டு காய்ந்த கைலி, தலையில் துண்டு. வண்டிக்கு ஸ்டாண்டு போடாமல் சுவரில் சாய்த்துவிட்டு அந்த ஆள் உள்ளே வந்தான்.

"எவன்டா இங்க ப்ளெக்ஸ் அடிச்சவன்?"

கருப்பாக, உயரமாக இருந்தான். மோவாய் உருண்டை. தமிழ்வாணி அம்மாவின் கையைப் பிடித்தாள். மூவருக்கும் ஒரே நேரத்தில் விளங்கிவிட்டது.

"கருத்தக்கண்ணா..." என்றான் துளசிராம்.

"இப்பத் தெரியுதா பேரு? ஒத்தக்கடையில எங்க வீட்டுப் பக்கத்துல சென்ட்ரிங் பிரிச்சு சுவர் பூசிக்கிட்டிருக்கேன். எந் தங்கச்சி மேலூர் பஸ்ஸுல வந்து எறங்குறா. கையில மாலை. தலைய விரிச்சுப் போட்டு, ரோட்டுலருந்தே 'எண்ணே'ன்னு அடிச்சுக்கிட்டு ஓடி வாரா. நான் சாரத்து மேல நின்னு, 'யாருத்தா செத்தது?'ங்குறேன். என்னையப் பாத்ததும் மயங்கி விழுந்துட்டா. சோடா தெளிச்சு எழுப்பிருக்கோம். எவனோ போன்ல படம் காட்டிருக்கான். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாதுடா. மேல என்ன பேரு போட்டிருந்தா அவளுக்கென்ன? அண்ணன் மூஞ்சி தெரியும்ல!"

"மாப்ள, தெரியாம..."

"மாப்ளயா? இருவது வருசத்துல ஒருநா எனக்குப் போன் போட்டிருக்கியா? குரூப்புல என்னையச் சேத்தியா? பேயாண்டியச் சேத்தீங்களா? சேக்காத ரெண்டு கருப்பனையும் ஒண்ணாக்கி வச்சிருக்கீங்க. அவன் செத்தும் சாகாம இருக்கான், நான் இருந்தும் செத்துட்டேன். நல்லாருக்குடா ஒங்க மலரும் நினைவு!"

பேசிக்கொண்டே போனவன், மூலையில் நின்ற இருவரையும் அப்போதுதான் கவனித்தான். தமிழ்வாணியைப் பார்த்ததும் குரல் இறங்கியது.

"பேயாண்டி மகளா நீயி? அவன் மோவாய் மாதிரியே இருக்கு."

சரண்யாதேவி சட்டென்று தலையைத் திருப்பிக்கொண்டாள். முப்பத்தொரு பேருக்குத் தெரியாதது இந்த ஆளுக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டதே என்று அழுகை முட்டியது. அழ மாட்டேன் என்று பல்லைக் கடித்தாள். இப்போது அழுதால் துளசிராமுக்கு வசதியாகப் போய்விடும்.

"அண்ணே, அத எறக்கணும். வாங்க" என்றாள் கருத்தக்கண்ணனிடம்.

"ஏணி குடுடா" என்றான் அவன் துளசிராமைப் பார்த்து.

ஏணியைத் துளசிராமே தூக்கி வந்தான். கருத்தக்கண்ணன் ஏறிக் கம்பிக்கட்டுகளை வெட்டினான். ஆனிக் காற்றில் ப்ளெக்ஸ் பாய்மரமாக விரிந்து அவனையே தள்ளப் பார்த்தது. சரண்யாதேவி கீழே நின்று அடிவிளிம்பை இழுத்துப் பிடித்தாள். தறிக்கூடங்களிலிருந்து ஆட்கள் வெளியே வந்து வேடிக்கை பார்த்தார்கள். "பதினாறு கழியல, இவ என்ன ஆம்பளைகளோட ரோட்டுல நின்னு..." என்று யாரோ ஒருத்தி தொடங்கினாள். "பதினாறு கழிஞ்சதும் வாரேன், அப்பப் பேசு" என்றாள் சரண்யாதேவி, திரும்பாமலே.

ப்ளெக்ஸ் தரைக்கு வந்ததும் துளசிராம் இன்னொரு குண்டைப் போட்டான்.

"தங்கச்சி, இதோட முடியல. அடுத்த மாசம் முத ஞாயித்துக்கிழம ஒத்தக்கடையில மண்டபம் புடிச்சு எல்லாரும் கூடுறோம். அங்க பேயாண்டி படத்திறப்பு வச்சிருக்கு. பெரிய படம். பிரேம் போட்டாச்சு."

"இதே மூஞ்சியா?"

"இதே மூஞ்சிதான்."

"அதத் தொறந்தீங்க, மண்டபத்துல வந்து நானே ஒடைப்பேன்."

"ஒடைக்க வேணாம். சரியான போட்டோ குடு. நான் மாத்திர்றேன். அவன் படம்தான் அங்க இருக்கும். என் பிள்ளைக மேல சத்தியம்."

வீட்டில் இருந்த நல்ல படம் ஒன்றே ஒன்றுதான். போன வருஷம் மழையில் நனைந்து வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தவனை, "அப்பா இங்க பாரு" என்று கூப்பிட்டுத் தமிழ்வாணி போனில் எடுத்தது. தோளில் மூட்டை இல்லாமல் அவன் நிமிர்ந்து நிற்கிற படம் அது மட்டும்தான். மோவாய்ப் பள்ளத்தில் ஒரு சொட்டு நீர்கூடத் தெரியும். அதை அனுப்பி வைத்தாள்.

கருமாதி முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அம்மாவும் மகளும் மேலூர் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். கருத்தக்கண்ணன் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு நிறுத்தத்திலேயே காத்திருந்தான்.

மண்டபத்தில் ஆண்கள் எல்லாரும் ஒரே நீலத்தில் பனியன் போட்டிருந்தார்கள். பெண்கள் ஒரே நீலத்தில் சேலை. வாசலில் பன்னீரும் கல்கண்டும் வைத்திருந்தார்கள். பின்கட்டில் பிரியாணி தம்மில் கிடந்தது. வாசம் மேடைவரை வந்தது. செல்பி எடுப்பதும், "டேய் வழுக்க" என்று கட்டிப்பிடிப்பதும், அடித்த வாத்தியாரைத் திட்டுவதுமாக ஒரே இரைச்சல். மேடையில் வெள்ளைத் துணி போர்த்திய படம் ஒரு நாற்காலியில் இருந்தது. பின்னால் திரையில் அந்தப் பத்தாம் வகுப்புப் போட்டோ, சுவர் அகலத்துக்கு.

ரவிசங்கர் மைக்கைப் பிடித்தான்.

"நண்பர்களே, நம்ம பேயாண்டி குடும்பம் வந்திருக்காங்க. ப்ளெக்ஸ்ல ஒரு சின்ன டெக்னிக்கல் மிஸ்டேக் ஆயிருச்சு. தங்கச்சி பெரிய மனசு பண்ணி மன்னிச்சிருவாங்க. நட்புக்குள்ள இதெல்லாம் சகஜம். இப்ப தங்கச்சி தங்கள் திருக்கரங்களால..."

சரண்யாதேவி மேடையேறினாள். துணியைத் தொடவில்லை. திரும்பித் திரையைப் பார்த்தாள்.

"மைக்கு வேணாம். சத்தமாத்தான் பேசுவேன். இந்தப் போட்டோவுல எம் புருசன் எங்க இருக்காரு?"

ரவிசங்கர் ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"இருப்பான் தங்கச்சி. பழைய போட்டோ, சரியாத் தெரியல."

"நீங்க அம்புட்டுப் பேரும் தெரியிறீங்களே. ஒங்க மூஞ்சிய நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கள்ல. அவரு எங்க? எம் மக துளசிண்ணன்கிட்ட இதே போட்டோவ வாங்கி, ராத்திரி பகலா ஒவ்வொரு மூஞ்சியாப் பெருசு பண்ணிப் பாத்துட்டா. இல்ல. அன்னைக்கு அவரு பள்ளிக்கூடமே வரலியா? இல்ல, நிக்க வேணாம்னு சொல்லிட்டீங்களா? யாராவது சொல்லுங்க."

கீழே கருத்தக்கண்ணன் நெற்றியைச் சுருக்கித் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் பிடிபடவில்லை.

நாலாவது வரிசை நாற்காலியிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். நீலச் சேலை முக்காடு.

"நான் சாதிகா" என்றாள். "எனக்குத் தெரியும்மா. அவரு அன்னைக்கு வந்திருந்தாரு. அந்தப் பெஞ்சு பூரா அவருதான் தூக்கிப் போட்டாரு. பன்னெண்டு மணி வெயிலு. கேமராவுல வெயில் விழுதுன்னு போட்டோக்காரர் கொடை புடிக்க ஆள் கேட்டாரு. 'ஒசரமான பய, நீ போடா'ன்னு சாரு அவர அனுப்புனாரு. அடுத்த போட்டோவுல நீ நில்லுன்னாரு. ரோலு முடிஞ்சிருச்சு. அடுத்த போட்டோ எடுக்கவே இல்ல."

"கொடைய எங்கிட்டு நின்னு புடிச்சாரு?"

"கேமராவுக்குப் பக்கத்துல. எங்களுக்கு நேரா. யாருக்கும் சிரிப்பு வரல. அவருதான் கொடைக்கு அடியிலருந்து மூஞ்சிய அஷ்டகோணலா வலிச்சுக் காட்டுனாரு. அதப் பாத்துத்தான் எல்லாரும் சிரிச்சோம்."

"இம்புட்டும் தெரிஞ்ச நீங்க, கட்டவிரல் போட்டீங்களா?"

சாதிகா தலையைக் குனிந்தாள். "மவுத்தான வீட்டு விசயத்துல பொய் சொல்ல மாட்டேன்மா. போட்டேன். எல்லாரும் போட்டாங்க, நம்ம எதுக்குக் குறுக்கேன்னு போட்டுட்டேன்."

சரண்யாதேவி மறுபடி திரையைப் பார்த்தாள். நாலு வரிசை முகங்களும் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஒரே இடத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தன. அவள் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"அப்ப அம்புட்டுப் பேரும் எம் புருசன் மூஞ்சியப் பாத்துக்கிட்டுத்தான நின்னிருக்கீங்க?" என்றாள். "அவரப் பாத்துச் சிரிச்ச சிரிப்பத்தான முப்பது வருசமா வச்சுப் பாத்துக்கிட்டிருக்கீங்க? ஒருத்தருக்குக்கூடவா அந்த மூஞ்சி ஞாபகமில்ல?"

ரவிசங்கர் மைக்கை வாயருகே கொண்டுபோனான். கருத்தக்கண்ணன் கீழேயிருந்து, "அதக் கீழ வைடா" என்றான். வைத்துவிட்டான்.

துளசிராம்தான் எழுந்து, கெஞ்சுகிற மாதிரிச் சொன்னான்: "படத்தத் தொறந்துரு தங்கச்சி. பாத்துக்கிடுறோம்."

"வேணாம்ணே. தொறந்து வச்சா இதுக்கும் ஒரு கட்டவிரல் போட்டுட்டுச் சாப்பிடப் போயிருவீங்க." அவள் நாற்காலியிலிருந்து படத்தைத் துணியோடு எடுத்தாள். கனமான பிரேம். தமிழ்வாணி மறுபக்கத்தைப் பிடிக்க ஓடி வந்தாள். "யாருக்காவது அவரு மூஞ்சி தானா ஞாபகம் வந்துச்சுன்னா, செல்லூருக்கு வீட்டுக்கு வாங்க. அன்னைக்குத் தொறந்து காட்டுறேன்."

இருவரும் படத்தைத் தூக்கிக்கொண்டு நடுவழியே நடந்தார்கள். கருத்தக்கண்ணன் கதவைத் திறந்து பிடித்தான். பின்னால் நாற்காலி ஒன்றுகூட நகரவில்லை.